‘ஆளை நிறுத்தும் குண்டு’ யாருக்காகச் செய்யப்பட்டது?

 

பழைய ரிவால்வர் ஒன்றில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தால், அதற்கு உரியதைவிட வலுவான தோட்டாவை அதிலே சுடலாம் என்று ஒரு பேச்சு நம் வாலிபர்கள் சிலரிடம் உலாவுகிறது. திருச்சியில் மார்க்க வகுப்பு முடிந்து கலைகிற நேரத்தில் ஒரு தம்பி அருகில் வந்தார். “ஹஜ்ரத், பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை அமெரிக்காக்காரனோட சின்னத் தோட்டாவால நிறுத்த முடியலையாமே! அவங்களுக்காகவே பெரிய தோட்டா செஞ்சானாமே! நெசமா?” என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகத்தில் ஒரு பெருமிதம். நம்மைச் சாய்க்க வெள்ளைக்காரனுக்குப் பெரிய குண்டு தேவைப்பட்டதே என்ற பெருமிதம்!

தம்பிக்கு நின்றுகொண்டே பதில் சொல்லிவிட முடியவில்லை. அவரைப் போல இன்னும் எத்தனை பேர் இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ! எனவேதான் இதை எழுதுகிறோம். அந்தக் கதையில் பெருமைப்பட ஒன்றுமே இல்லை. அது ஒரு படுகொலையை மறைப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை. எதிரி சொல்லும்போது அது அவதூறு. அதையே நாம் எடுத்துச் சொன்னால் வீரமாகிவிடுமா?

மோரோக்களின் கதை

1898இல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸ் தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றியது. ஆடு மாடு விற்பது போல் ஒரு நாடு விற்கப்பட்டது. அதன் தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தார்கள். ஸ்பெயின்காரன் அவர்களுக்கு வைத்த பெயர் மோரோ. அவர்களைக் கேட்டா விற்றார்கள்? முதலில் அமெரிக்கா நல்லபிள்ளையாக நடந்துகொண்டது. உங்கள் மார்க்கத்தில் தலையிட மாட்டோம் என்று 1899இல் சூலு சுல்தானோடு ஒப்பந்தம் போட்டது. வடக்கே நடந்த சண்டையை முடிக்கும் வரைதான் அந்த ஒப்பந்தத்துக்கு ஆயுள்! 1904 மார்ச்சில் அமெரிக்கா தன்னிச்சையாக அதைக் கிழித்தெறிந்தது. பிறகு தலைவரி வந்தது. வரிச்சீட்டு இல்லாதவன் குற்றவாளி ஆனான்.

அமெரிக்க ராணுவத்தின் கையில் அப்போது இருந்தது .38 காலிபர் கோல்ட் ரிவால்வர். 1892இல் சேவைக்கு எடுத்தது. வாளோடு பாய்ந்து வரும் மோரோ நான்கைந்து குண்டு பட்டும் நிற்காமல் வந்து வெட்டுகிறான் என்று அதிகாரிகள் புகார் எழுதினார்கள். உடனே கிடங்கில் கிடந்த 1873ஆம் ஆண்டு மாடல் .45 ரிவால்வர்களை எடுத்துக் குழலைக் குறைத்து, பழுது பார்த்து அனுப்பினார்கள். ஒப்பந்தத்தைக் கிழித்த அதே 1904இல் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ நகரத்து மாட்டுத் தொட்டிகளில் உட்கார்ந்தார்கள். உயிருள்ள மாடுகளைச் சுட்டார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டார்கள். எந்தக் குண்டுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கெடுத்தார்கள்! .45க்குக் குறைந்த எதுவும் ஆகாது என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான் 1911ஆம் ஆண்டின் புகழ்பெற்ற .45 பிஸ்டல். 1917இல் உலகப் போருக்குத் துப்பாக்கி போதாமல் போனபோது, ரிவால்வர்களையே அந்த பிஸ்டல் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி, அரைநிலா வடிவத் தகட்டில் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார்கள். ‘ஆளை நிறுத்தும் சக்தி’ என்ற சொல் துப்பாக்கி உலகத்தில் வேதவாக்கானது இப்படித்தான்.

இப்போது கேளுங்கள். ஒருவன் நிற்காமல் ஏன் வருகிறான்? வீட்டைப் பறித்தாய், வரி போட்டாய், கொடுத்த வாக்கை மீறினாய், அதனால் வருகிறான். இதைச் சொல்ல ஒரு கமிட்டி இல்லை. குறை தோட்டாவில்தான் என்று சொல்ல மட்டும் கமிட்டி இருந்தது!

மோரோக்களில் சிலர் சாவதற்கென்றே சபதம் எடுத்து வாளோடு புறப்பட்டது உண்மை. ஸ்பெயின்காரன் அவர்களை ‘ஹுராமென்டாடோ’ என்றான், சபதம் செய்தவன் என்று பொருள். மோரோக்களின் சொந்த வார்த்தை ‘பராங் ஸபில்’. ‘ஃபீ ஸபீலில்லாஹ்’ தேய்ந்து அந்தச் சொல்லானது என்பது அரபி படித்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். படையெடுத்து வந்த சிப்பாயோடு போரிட்டவர் வேறு. சந்தையில் நின்ற அப்பாவியை வெட்டியவர் வேறு. இரண்டாமவர் செய்ததற்கு மார்க்கத்தில் இடமில்லை, அதை நாம் மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்தச் சிலரைக் காட்டி ஒரு சமுதாயம் முழுவதையும் ‘குண்டுக்கும் நிற்காத வெறியர்கள்’ என்று முத்திரை குத்தினானே, அந்த முத்திரை எதற்குப் பயன்பட்டது?

1906 மார்ச் மாதம். ஹோலோ தீவில் புத் தாஹோ என்று ஓர் அணைந்த எரிமலை. தலைவரி கட்ட மறுத்த குடும்பங்கள் அதன் உச்சிப் பள்ளத்தில் ஏறிக் குடியிருந்தன. ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். ஜெனரல் லெனார்ட் வுட்டின் படை மலைப் பீரங்கிகளையும் இயந்திரத் துப்பாக்கியையும் மேலே ஏற்றியது. சில நாட்களில் 800 முதல் 1000 பேர் வரை மாண்டார்கள் என்பது மதிப்பீடு. அமெரிக்கர் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 20 பேர். பிணக்குவியலைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாழ்த்துத் தந்தி கொடுத்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் வெட்கப்பட்டுக் கண்டித்து எழுதினார். அமெரிக்கருக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள்.

தம்பி, சொல்லுங்கள்! யாரை யார் நிறுத்த முடியாமல் தவித்தது?

தம்தம்மிலிருந்து ஹேக் வரை

அமெரிக்கனுக்கு முன்னோடி ஆங்கிலேயன். 1895இல் சித்ரால் படையெடுப்பில் புதிய .303 குண்டு பட்டானியரின் உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழவில்லை என்று புகார் வந்தது. கல்கத்தா அருகே தம்தம் ஆயுதச்சாலையில் பெர்ட்டி கிளே என்ற கேப்டன் குண்டின் முனையில் உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலுக்குள் போனதும் அது பூப்போல விரிந்து சதையைக் கிழிக்கும். 1897இல் திரா பள்ளத்தாக்கில் அஃப்ரீதிகள் மீது அதைப் பயன்படுத்தினார்கள். 1898இல் சூடானில் சிப்பாய்கள் அரத்தை எடுத்துக் குண்டு முனைகளை அராவிக்கொண்டார்கள். அதே ஆண்டில் வெப்லி ரிவால்வருக்கும் முனை குழிந்த ஒரு தோட்டா வந்தது. அதன் செல்லப்பெயரே ‘ஆள் நிறுத்தி’! அஃப்ரீதி முஸ்லிம். சூடானி முஸ்லிம். மோரோவும் முஸ்லிம். தற்செயலா?

1899இல் ஹேக் மாநாட்டில் இந்தக் குண்டுகளைத் தடைசெய்யும் தீர்மானம் வந்தபோது பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா எழுந்து நியாயம் பேசினார். நாகரிகச் சிப்பாய் காயம்பட்டால் போர்க்களத்தை விட்டு ஒதுங்கிவிடுவானாம். காட்டுமிராண்டி இரண்டு மூன்று முறை துளைக்கப்பட்டாலும் ஓடிவந்துகொண்டே இருப்பானாம். ஆகவே அவனுக்கு மட்டும் தனிக் குண்டு! தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது. ஆனால் அதன் வாசகத்தைப் பாருங்கள். கையெழுத்திட்ட அரசுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும். கொடி இல்லாதவனுக்கு, காலனிக்காரனுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அந்த அரைகுறைத் தீர்மானத்தில்கூட பிரிட்டன் சேர 1907 ஆயிற்று.

இடையில் ஒரு வேடிக்கை. 2016இல் அமெரிக்கத் தேர்தல் மேடையில் டொனால்ட் டிரம்ப் ஒரு கதை சொன்னார். ஜெனரல் பெர்ஷிங் 50 குண்டுகளைப் பன்றி இரத்தத்தில் நனைத்து 49 முஸ்லிம்களைச் சுட்டு, ஐம்பதாவது குண்டை மிஞ்சியவன் கையில் கொடுத்தனுப்பினாராம். பிறகு பல ஆண்டுகள் தொல்லையே இல்லையாம். 2017இல் அதிபரான பிறகும் அதையே கிளப்பினார். ஆதாரமில்லாத கட்டுக்கதை என்று அவர் நாட்டு வரலாற்று ஆசிரியர்களே மறுத்தார்கள். 1857 சிப்பாய்ப் புரட்சிக்குத் தோட்டாவில் தடவிய மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தீப்பொறியானதை அறிந்த நமக்கு இந்தப் புத்தி புதிதல்ல. அநியாயமாகக் கொல்லப்பட்டவன் மீது பன்றி இரத்தம் பட்டால் அவன் கணக்கு அல்லாஹ்விடம் மாறிவிடும் என்று எந்த மத்ரஸாவில் சொல்லிக்கொடுத்தார்கள்? அசுத்தம் பட்டால் கழுவ வேண்டும், அவ்வளவுதான் சட்டம். மக்தப் பிள்ளைக்குத் தெரிந்தது வல்லரசுக்குத் தெரியவில்லை!

நம் ஊருக்கு வருவோம்

1857க்குப் பிறகு ஆங்கிலேயன் இன்னொன்றும் செய்தான். இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்த துப்பாக்கியின் குழலில் இருந்த வரிப்பள்ளத்தைக் கடைந்து எடுத்துவிட்டான், குறி தப்பட்டும் என்று. பின்னாளில் .303 ரைபிளையே .410 மஸ்கட்டாக மாற்றிக் காவலுக்குக் கொடுத்தான். இந்தியன் கையில் இருந்தால் துப்பாக்கியைப் பலவீனமாக்கு. இந்தியன் எதிரே நின்றால் குண்டைப் பலமாக்கு. இதுதான் அவன் கணக்கு.

வெள்ளையன் போய்விட்டான். கணக்கு போயிற்றா? காவல்துறையின் கையில் மஸ்கட் போய் .303 வந்தது. பிறகு ராணுவத்துக்கென்று வந்த 7.62 எஸ்.எல்.ஆர். ரைபிளும் வந்தது. கூட்டத்தைக் கலைக்கச் சுடும்போது தாழ்த்திச் சுட வேண்டும் என்பது காவல்துறையின் சொந்த விதி. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் போன மக்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்திருந்தது. அந்த 13 பேரில் எத்தனை பேர் வாளோடு பாய்ந்து வந்தார்கள்? ஒருவரும் இல்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த 13 பேரையும் முஸ்லிம் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது, தலித் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது, மீனவர் பிரச்சினை என்றும் ஒதுக்க முடியாது. ‘நிறுத்தும் சக்தி’ எல்லோரையும் தேடி வரும்.

நம் திருச்சிக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. திருவெறும்பூருக்கு அந்தப் பக்கம் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது. இன்சாஸ் ரைபிள் அங்கே செய்யப்பட்டது. திருச்சிப் பெயராலேயே ஒரு ரைபிள் உண்டு. 2021 அக்டோபரில் மத்திய அரசு நாட்டின் ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அதுவும் ஒரு கம்பெனிக்குள் போனது. எதிர்த்த தொழிலாளர்களை வேலைநிறுத்தமே செய்யக்கூடாது என்று சட்டம் போட்டுக் கட்டினார்கள். அந்தத் தொழிலாளர்கள் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு.

அப்படிப் பல ஆண்டுகள் கடைசல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருக்கிறார். நமக்கு நெடுநாள் பழக்கம். தம்பி கேட்டதை அவரிடம் சொன்னோம். சிரித்துவிட்டார்.

“பாய், பெரிய தோட்டா உள்ள போகுதான்னு பாக்கறது பெரிய விஷயமே இல்ல. வெடிக்கறப்போ அந்த இரும்பு தாங்குமான்னு பாக்கணும். இரும்புக்கு ஒரு பதம் உண்டு. எந்த அழுத்தத்துக்குப் பதம் பண்ணினாளோ அதுக்குத்தான் அது. நாங்க ஒவ்வொண்ணையும் சோதனைத் தோட்டா போட்டு வெடிச்சுப் பாத்துத்தான் வெளிய விடுவோம். வீட்டுல ரம்பமும் அரமும் வெச்சுண்டு மாத்தறவன் எதை வெச்சு சோதிப்பான்? தன் கையை வெச்சுத்தான்!”

அவர் சொன்னது உண்மை. உலகப் போருக்குப் பிறகு பழைய .455 வெப்லி ரிவால்வர்களை .45 பிஸ்டல் தோட்டாவுக்கு மாற்றி அமெரிக்கச் சந்தையில் ஏராளமாக விற்றார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கு உரியதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நூறு வருடத்து இரும்பு அதை எத்தனை முறை தாங்கும்? அறை பிளந்தால் குண்டு எதிரிக்குப் போகாது; உருளைத் துண்டு சுட்டவன் நெற்றிக்கு வரும். துப்பாக்கிப் பிரியர்களே இன்றும் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளும் விஷயம் இது.

பெரியவர் வீட்டிலிருந்து காவிரிப் பாலம் வரும்வரை 1752 நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நம் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் முடித்துவிட்ட ஆண்டு. திருச்சிக் கோட்டைக்குள் முஹம்மது அலி, ஆங்கிலேயன் துப்பாக்கியோடு. வெளியே சந்தா சாஹிப், பிரெஞ்சுக்காரன் துப்பாக்கியோடு. இருவரும் முஸ்லிம்கள். இவனைவிட அவன் துப்பாக்கி பெரிது, அவனைவிட இவன் பீரங்கி பெரிது என்று இருவரும் கடன்மேல் கடன் வாங்கினார்கள். பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் ஒதுங்கி ஜூன் மாதம் சரணடைந்தது. சந்தா சாஹிபின் தலை வெட்டப்பட்டது. ஜெயித்த முஹம்மது அலி என்ன ஆனார்? வாழ்நாள் முழுவதும் கும்பெனியின் கடனாளி. 1801இல் கர்நாடகமே கும்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கி கொடுத்தவன்தான் ஜெயித்தான்.

வாலிபனே, சட்டத்தையும் தெரிந்துகொள்!

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, துப்பாக்கிக் குழலைக் குறைப்பதையும் பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதையும் உரிமமின்றிச் செய்யக்கூடாது என்றது. 2019 டிசம்பரில் திருத்தினார்கள். ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் இப்போது அதற்குள் வந்துவிட்டது. தண்டனை முன்பு 3 முதல் 7 ஆண்டுகள். இப்போது குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். உன் பெயர் அப்துல்லாஹ் என்றால் இத்தோடு நிற்குமா? வேறு எந்தச் சட்டம் கூடச் சேரும், ஜாமீன் எப்போது கிடைக்கும், நீ அறியாததா?

கோவையை மறந்துவிட்டாயா? 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலையானதைத் தொடர்ந்து நடந்த வெறியாட்டத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் குண்டுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு. அந்த அநியாயத்துக்கு நீதி கேட்டு நாடே எழும்ப வேண்டிய நேரத்தில், 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள் வெடித்தன. 58 உயிர்கள் போயின. அந்த 58 பேரில் ஒருவராவது 18 பேரைக் கொன்றவரா? அதற்குப் பிறகு அந்த 18 பேரைப் பற்றி யாராவது பேசினார்களா? எத்தனை குடும்பங்களின் பிள்ளைகள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள்! சிறைவாசிகளின் விடுதலைக்காக மேடை மேடையாகக் கத்தியவர்கள் என்ற உரிமையில் சொல்கிறோம். இன்னும் ஒரு தாய்க்கு மனு எழுதும் நிலையை எங்களுக்கு வைக்காதீர்கள்.

“அப்படியானால் அடிபட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்பீர்கள். கோழையாக இருக்கச் சொல்லவில்லை. தம்தம் குண்டு யாருக்காகச் செய்யப்பட்டதோ அதே பட்டானியரின் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். 1929இல் கான் அப்துல் கஃப்பார் கான் குதாயி கித்மத்கார் அமைப்பைத் தொடங்கினார். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி தொங்கும் மண்ணில் துப்பாக்கியை இறக்கி வைக்கச் சொன்னார். 1930 ஏப்ரல் 23இல் பெஷாவரின் கிஸ்ஸா குவானி பஜாரில் அவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஆங்கிலேயன் சுட்டான், பிணங்கள் விழுந்தன, கூட்டம் ஓடவில்லை. அங்கே நிறுத்தப்பட்டிருந்த கர்வாலி படைப்பிரிவுக்கும் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் இந்துச் சிப்பாய்கள். எதிரே நின்றது முஸ்லிம் கூட்டம். சந்திர சிங் கர்வாலி தலைமையில் அவர்கள் சுட மறுத்துவிட்டார்கள்! ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து 1941இல்தான் வெளியே வந்தார்.

சித்ராலில் 1895இல் நிற்காமல் வந்தவனுக்கு எதிராக ஆங்கிலேயன் குண்டை மாற்றினான். பெஷாவரில் வெறுங்கையோடு நின்றவனைக் கண்டு சுடவேண்டியவனே மாறிவிட்டான். இரண்டாவது ஆங்கிலேயனை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதற்கு அந்த ஆயுள் தண்டனையே சாட்சி.

திருச்சி மாவட்ட ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆயுதச் சட்டத்தின் 6, 25ஆம் பிரிவுகளை எளிய தமிழில் எழுதி ஜும்ஆ முடிந்ததும் வாசியுங்கள். உங்கள் மஹல்லாவில் எவராவது பழைய துப்பாக்கி, தோட்டா என்று வாலிபர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர் யார், எங்கிருந்து வருகிறார், யார் அனுப்பினார் என்று முதலில் விசாரியுங்கள். கூடவே, ஆணையம் பெயர் சொன்ன அந்த 17 பேர் மீது ஆளுக்கு ஆள் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு மனுப் போடட்டும். வருகிற பதில்களை நமது இதழுக்கு அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், ஒன்று விடாமல் வெளியிடுவோம்.